பகடையை எடுத்தார், சகுனியை விட்டுவைத்தார்

சென்ற அத்தியாயத்தை 1824-ல், பிரஷ்யத் தளபதிகளின் மேசைமேல் விட்டுவிட்டு வந்தோம். 1:8000 அளவில் வரைந்த நிலப்படம், அதன்மேல் நகர்த்தச் சின்னச் சின்னக் கட்டைகள், ஒரு பகடை, எல்லோருக்கும் மேலே ஒரு நடுவர். ரைஸ்விட்ஸ் மகன் போட்டுக்கொடுத்த அந்த ஏற்பாடு தளபதிகளுக்குப் போதுமானதாக இருந்தது. யாரோடு சண்டை, எதற்காகச் சண்டை என்பதெல்லாம் அவர்கள் கவலை இல்லை. மேலிடத்திலிருந்து ஓலை வரும், இவர்கள் படையை நகர்த்துவார்கள்.

அந்த ஓலையை எழுதுகிற ஆள் மட்டும் ரைஸ்விட்ஸின் மேசைக்கு வரவே இல்லை. ராஜா இல்லாத சதுரங்கம் அது. படை உண்டு, நாடு இல்லை. சண்டை உண்டு, சண்டைக்கு முந்தைய ராத்திரி இல்லை. யாருடன் சேர்வது, யாரைக் கைவிடுவது, யாரிடம் எதைச் சொல்லி யாரிடம் எதை மறைப்பது என்று அரசர்களும் மந்திரிகளும் மண்டையை உடைத்துக்கொள்ளும் அந்த ராத்திரியை ஆட்டமாக்கியவரைப் பற்றித்தான் இந்த அத்தியாயம். அவர் தளபதியும் இல்லை, தூதரும் இல்லை. பிற்காலத்தில் அவர் பார்த்த வேலை தபால்காரர் வேலை. அந்த வேலைக்கும் அவர் ஆட்டத்துக்கும் உள்ள பொருத்தத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

சிகாகோவுக்கு மேற்கே லா கிரேஞ்ச் என்று ஓர் ஊர். ஆலன் கால்ஹமர் வளர்ந்தது அங்கே. பிறந்தது 1931. சிறுவனாக இருந்தபோது வீட்டுப் பரணைக் குடைந்ததில் ஒரு பழைய பூகோளப் புத்தகம் கையில் சிக்கியது. முதல் உலகப் போருக்கு முந்தைய ஐரோப்பா அதில் இருந்தது. பள்ளிக்கூடச் சுவரில் தொங்கிய படத்தில் இல்லாத நாடுகள்: ஆஸ்திரியா-ஹங்கேரி என்று நடுவில் ஒரு பெரிய திட்டு, கீழ்க்கோடியில் ஒட்டோமான் பேரரசு. செத்துப்போன நாடுகளின் வரைபடத்துக்கு ஒரு வசியம் உண்டு. பழைய தபால்தலைச் சேகரிப்பில் திருவிதாங்கூர் அஞ்சல் என்று அச்சிட்ட ஒரு தலை கண்ணில் பட்டால் நமக்கு ஏற்படுமே, அது.

1945-ல் போர் முடியும் தறுவாயில், ‘லைஃப்’ பத்திரிகையில் வியன்னா மாநாட்டைப் பற்றிய கட்டுரை ஒன்றை அந்தப் பையன் படித்தான். நெப்போலியனை இறக்கியபின் 1814-15-ல் மெட்டர்னிக்கும் தாலேராந்தும் காசில்ரேயும் உட்கார்ந்து ஐரோப்பாவைப் பங்குபோட்ட கதை. ஏறக்குறைய சமபலமுள்ள சில வல்லரசுகள், ஒருவர் தலைதூக்கினால் மற்றவர்கள் சேர்ந்து அமுக்குவது, அமுக்கிய பிறகு சேர்ந்தவர்களுக்குள்ளேயே சந்தேகம் வருவது. அமெரிக்கா, ரஷ்யா என்று உலகம் இரண்டாகப் பிரிந்துகொண்டிருந்த நேரத்தில், பதின்மூன்று வயதுப் பையனுக்கு அந்தப் பழைய ஏற்பாடு ஓர் ஆட்டமாகத் தெரிந்தது.

பிறகு ஹார்வர்டு. அங்கே பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பிய வரலாற்றுக்கு அவருக்கு வாய்த்த ஆசிரியர் சிட்னி ஃபே. முதல் உலகப் போரின் மூலகாரணங்களை ஆராய்ந்து 1928-ல் இரண்டு பாகமாக ஃபே எழுதிய நூல் பெரிய விவாதத்தைக் கிளப்பியது. வெர்சாய் உடன்படிக்கையின் 231-ஆம் பிரிவு போருக்கான பழியை ஜெர்மனியின் தலையிலும் அதன் கூட்டாளிகள் தலையிலும் கட்டியிருந்தது. ஃபே அதை ஏற்கவில்லை. ஒவ்வொரு தலைநகரமும் தன் பங்குக்கு ஒரு சுள்ளி போட்டது, தீ எல்லோருடையதும் என்பது அவர் கட்சி. இந்தத் தந்தியை வியன்னா ஏன் அனுப்பியது, அந்தப் பதிலை பீட்டர்ஸ்பர்க் ஏன் தள்ளிப்போட்டது என்று ஓலை ஓலையாகப் பிரித்துப் பார்க்கிற எழுத்து.

ஆட்டம் வடிவமைப்பவனுக்கு இந்தப் பாடம் ஒரு வரப்பிரசாதம். வில்லன் என்று ஒரு நாட்டை முத்திரை குத்திவிட்டால் அந்த நாற்காலியில் யார் உட்காருவார்? எல்லோரும் கொஞ்சம் கெட்டவர்கள் என்று வைத்துக்கொண்டால் ஏழு நாற்காலிக்கும் ஆள் கிடைக்கும். இங்கிலாந்து, பிரான்ஸ், ஜெர்மனி, இத்தாலி, ஆஸ்திரியா, ரஷ்யா, துருக்கி. ஆட்டம் தொடங்குகிற 1901-ல் இந்த ஏழும் உண்மையில் சமபலம் கொண்டவையா என்று கேட்டால் வரலாற்று ஆசிரியர் சிரிப்பார். கால்ஹமர் அந்தச் சிரிப்பைப் பற்றிக் கவலைப்படவில்லை. இத்தாலிக்கும் ஜெர்மனிக்கும் தலா மூன்று படை என்று எழுதிவிட்டுப் போய்க்கொண்டே இருந்தார். ரஷ்யாவுக்கு மட்டும் நான்கு, எல்லை நீளம் என்பதால் எதிரியும் அதிகம். நார்வேயும் ஸ்வீடனும் 1905 வரை ஒரே மன்னரின் கீழ் இருந்தவை. இவர் படத்தில் 1901-லேயே அவை தனித்தனி. அண்ணன்தம்பியைப் பாகம் பிரித்துவைத்தால்தான் பக்கத்து வீட்டுக்காரனுக்கு வேலை இருக்கும்.

சட்டக் கல்லூரியில் சேர்ந்து, அதைப் பாதியில் விடுவதற்குள், 1954-ல் ஆட்டம் உருவாகிவிட்டது. பெயர் ‘டிப்ளமசி’.

இங்கே நின்று நிதானமாகப் பார்க்க வேண்டிய சமாசாரம், அவர் எதையெல்லாம் சேர்த்தார் என்பதைவிட எதையெல்லாம் வேண்டாம் என்று தள்ளினார் என்பது.

முதலில் பகடை போயிற்று. நம் ஊர்த் தாயத்திலிருந்து ரைஸ்விட்ஸின் மேசைவரை, அதிர்ஷ்டத்துக்கு ஒரு நாற்காலி போடாத ஆட்டம் குறைவு. போர்க்களத்தில் மழை பெய்யும், குதிரை மிரளும், அதையெல்லாம் கணக்கில் கொண்டுவரப் பகடை வேண்டும் என்பது தளபதிகளின் வாதம். கால்ஹமர் எடுத்துவிட்டார். பகடை இருந்தால் தோற்றவன் பகடையைத் திட்டுவான். இல்லாவிட்டால் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவனைத்தான் திட்டியாக வேண்டும். பாரதக் கதையில் பகடையும் சகுனியும் ஒன்றாக வருவதால் நாம் இரண்டையும் ஒன்றென்று நினைத்துக்கொள்கிறோம். இவர் பகடையை எடுத்துவிட்டுச் சகுனியை மட்டும் விட்டுவைத்தார்.

அடுத்து, முறை வைத்து ஆடுவது போயிற்று. நீ நகர்த்து, பிறகு நான் நகர்த்துகிறேன் என்பது இல்லை. பேச்சுவார்த்தைக்கு நேரம் ஒதுக்கப்படும். அதற்குள் ஏழு பேரும் மூலைமூலையாகப் போய்க் குசுகுசுவென்று பேசிக்கொள்ளலாம். பிறகு ஒவ்வொருவரும் தன் கட்டளைகளை ஒரு சீட்டில் எழுதி மடிக்க வேண்டும். எல்லாச் சீட்டையும் ஒன்றாகப் பிரித்து உரக்கப் படிப்பார்கள். வாயால் சொன்னதும் கையால் எழுதியதும் ஒன்றா என்பது அந்த நிமிடம்தான் தெரியும். ஆண்டுக்கு இரண்டு நகர்வு, வசந்தத்தில் ஒன்று, இலையுதிர்காலத்தில் ஒன்று. சின்ன வயதில் ராஜா, ராணி, போலீஸ், திருடன் என்று சீட்டெழுதிக் குலுக்கிப் போடுவோமே, சீட்டைப் பிரிக்கும்போது ஒரு படபடப்பு வருமே, அந்தப் படபடப்பு ஆண்டுக்கு இரண்டு முறை.

பணமும் போயிற்று. வரி இல்லை, விளைச்சல் இல்லை, மக்கள்தொகை இல்லை. படத்தில் 34 ஊர்களுக்குத் தலா ஒரு புள்ளி. சப்ளை சென்டர் என்று பெயர். எத்தனை புள்ளி உன்னிடமோ அத்தனை படை உனக்கு. பதினெட்டைப் பிடித்தால் வெற்றி. இருபத்திரண்டு புள்ளிகள் ஏழு நாடுகளின் சொந்த ஊர்கள். மிச்சம் பன்னிரண்டு, பெல்ஜியம், செர்பியா, துனிஸ் என்று ஆளுக்கு ஆசைகாட்டிக்கொண்டு சும்மா கிடக்கும். ஒரு நாட்டின் மொத்தப் பொருளாதாரமும் விரல்விட்டு எண்ணி முடிகிற கணக்கு.

இதைப் படிக்கும் இளைஞர் யாராவது தாமே ஒரு நாடாளும் ஆட்டம் செய்ய உட்கார்ந்திருந்தால், இந்த இடத்தில் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சற்று யோசிக்கலாம். நான் ஆடிப் பார்த்த நாடாளும் ஆட்டங்களில் பாதி, கணக்குப்பிள்ளை வேலையால் செத்துப்போனவை. எண்ணெய் எத்தனை பீப்பாய், கோதுமை எத்தனை டன், படைவீரனுக்குச் சம்பளம் எவ்வளவு என்று நடத்துபவர் பட்டியல் போட்டுக்கொண்டே போவார். மூன்றாவது வாரம் அமைச்சர்கள் எல்லோரும் குமாஸ்தாக்கள் ஆகிவிடுவார்கள். ஐந்தாவது வாரம் யாரும் வரமாட்டார்கள்.

கால்ஹமர் வைத்துக்கொண்டது ஒரே ஒரு சூத்திரம். அதை ஒரு சின்னச் சண்டையில் பார்த்துவிடலாம்.

பர்கண்டி என்று பிரான்சுக்கும் ஜெர்மனிக்கும் நடுவே ஒரு பகுதி. பாரிஸில் பிரெஞ்சுப் படை ஒன்று, மியூனிக்கில் ஜெர்மன் படை ஒன்று. இரண்டும் ஒரே நேரத்தில் பர்கண்டிக்குள் நுழையப் பார்க்கின்றன. எல்லாப் படைக்கும் ஒரே பலம், ஒன்று. ஒன்றும் ஒன்றும் முட்டினால் இரண்டும் புறப்பட்ட இடத்திலேயே நிற்கும். பர்கண்டி காலி. அடுத்த பருவத்தில் பிரெஞ்சுக்காரர் மார்செய்யில் இருக்கும் தன் இன்னொரு படையை நகர்த்தாமல், “பாரிஸ் படை பர்கண்டிக்குப் போக இது கைகொடுக்கும்” என்று எழுதுகிறார். இப்போது இரண்டுக்கு ஒன்று. பர்கண்டி பிரான்சுக்கு.

இதற்கு ஒரு மாற்றும் உண்டு. மார்செய்க்குப் பக்கத்தில் பீட்மாண்ட். அங்கே ஓர் இத்தாலியப் படை வசந்தத்தில் வந்து நிற்கிறது. “ஏன் இங்கே வந்தாய்?” என்று பிரான்ஸ் கேட்டிருக்கும். “இங்கிருந்து டிரோலுக்குப் போகப் போகிறேன், ஆஸ்திரியாவை அடிக்க” என்று இத்தாலி சொல்லியிருக்கும். படத்தைப் பார்த்தால் பொய் என்று சொல்ல முடியாது, பீட்மாண்டிலிருந்து டிரோலுக்கு வழி இருக்கிறது. இலையுதிர்காலச் சீட்டைப் பிரித்தால் “பீட்மாண்டிலிருந்து மார்செய்” என்று இருக்கிறது. மார்செய் விழாது, ஒன்றுக்கு ஒன்றுதானே. ஆனால் அடி விழுந்த படை இன்னொருவனுக்குக் கைகொடுக்க முடியாது. ஆதரவு அறுந்தது. பாரிஸும் மியூனிக்கும் மறுபடி சமம். பர்கண்டி மறுபடி காலி. இத்தாலிக்கு ஓர் ஊரும் கிடைக்கவில்லை, ஆனால் ஜெர்மனி அதற்கு இப்போது கடன்பட்டிருக்கிறது.

ஆதரவு தரும் இந்த விதியில் ஒரு நுட்பம் ஒளிந்திருக்கிறது. நான் என் படைக்கு மட்டுமல்ல, உன் படைக்கும் ஆதரவு தரலாம். ஒவ்வொருவரிடமும் இருப்பதோ மூன்று நான்கு படைதான், அதை வைத்துத் தனியாக எவனையும் அசைக்க முடியாது. ஆகவே பக்கத்து வீட்டுக்காரன் தயவு வேண்டும். அந்தத் தயவை வாயால் கேட்டு வாங்கலாம், ஆனால் அவன் சீட்டில் எழுதியிருந்தால்தான் அது செல்லும். அதுவரை ஆட்டங்களில் வெறும் பேச்சாக இருந்த நட்பு, முதல்தடவையாக ஒரு வரி எழுத்தாக, எண்ணக்கூடிய ஒன்றாக, மேசைக்கு வந்தது என்று எனக்குத் தோன்றுகிறது. பக்கத்து நாட்டான் பகைவன், அவனுக்கு அப்பால் இருப்பவன் நண்பன் என்ற அர்த்தசாஸ்திர மண்டலக் கணக்கைப் படித்தவர்களுக்கு இந்தப் படம் பழகிய வீடு போல் இருக்கும். கால்ஹமர் படித்தது வேறு. ஹார்வர்டில் அரசியல் பூகோளமும், அந்தத் துறை அறிஞர் மாக்கிண்டரின் எழுத்தும்.

பேசி முடித்த ஒப்பந்தம் யாரையும் கட்டாது என்பது இன்னொரு விதி. என்ன வேண்டுமானாலும் சொல்லலாம், எழுதியும் தரலாம், சத்தியமும் பண்ணலாம். மீறினால் தண்டனை கிடையாது. நம்பினவன் பாடு. இந்த எண்ணம் அவருக்கு ஹார்ட்ஸ் சீட்டாட்டத்திலிருந்து வந்தது. அதில் ஒருவர் முந்திக்கொண்டு போனால் மற்றவர்கள் சேர்ந்து அவரைப் பிடித்திழுப்பது நல்லது. ஆனால் சேர்வதற்கு வாய்திறந்து பேச முடியாது. பேசவிட்டால் என்ன ஆகும் என்று இவர் யோசித்தார்.

என்ன ஆகும் என்பது எனக்குச் சொந்த அனுபவம். கல்லூரி விடுதியில் ஒரு மழைக்கால ஞாயிறு, சார்ட் பேப்பரில் ஐரோப்பாவை வரைந்து, படைக்குப் புளியங்கொட்டையும் கப்பலுக்குச் சட்டைப் பொத்தானும் வைத்து ஏழு பேர் உட்கார்ந்தோம். நான் ரஷ்யா. துருக்கிக்கு என் அறைத்தோழன். “மாப்ள, கருங்கடல் உனக்கும் வேண்டாம், எனக்கும் வேண்டாம். ரெண்டு பேரும் நிம்மதியா இருப்போம்” என்றான். நியாயமாகப் பட்டது. செவஸ்தபோலில் இருந்த என் கப்பலை ருமேனியாவுக்கு அனுப்பினேன். சீட்டைப் பிரித்தால் அங்காராவிலிருந்து கிளம்பிய அவன் கப்பல் கருங்கடலின் நடுவே நிற்கிறது. “தெரியாம எழுதிட்டேன் மாப்ள, அடுத்த தடவை எடுத்திடறேன்.” அடுத்த தடவை அது காலியாகக் கிடந்த செவஸ்தபோலுக்குள் வந்தது. சாயங்காலம் மெஸ்ஸில் நான் வேறு பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். முழுசாக ஒரு வாரம். முப்பது வருஷம் கழித்துப் பேரப்பிள்ளை பெயர்சூட்டு விழாவில் பார்த்தபோதும், முதல் வார்த்தையாக அவன் கேட்டது, “இன்னும் கருங்கடல் ஞாபகம் இருக்கா?”

இயந்திரங்களுக்கும் இந்த இடம்தான் கஷ்டமாக இருந்தது. சதுரங்கத்தில் காஸ்பரோவை டீப் புளூ 1997-ல் தோற்கடித்தது. டிப்ளமசியில் மனிதர்களோடு பேரம் பேசி ஆடக்கூடிய ஒரு நிரல், மெட்டா நிறுவனத்தாரின் ‘சிசரோ’, 2022 நவம்பரில்தான் வந்தது. இணையத்தில் அது 40 ஆட்டம் ஆடியது. ஒன்றுக்கு மேற்பட்ட ஆட்டம் ஆடியவர்களின் வரிசையில் முதல் பத்து சதவீதத்துக்குள் நின்றது.

ஆட்டம் நல்லதாக இருந்து என்ன பயன்? அதைப் போட ஆள் வேண்டுமே. பெரிய கம்பெனிகள் கைவிரித்தன. ஏழு பேர் வேண்டும், ஆறேழு மணி நேரம் ஆகும், முடியும்போது நாலு பேராவது முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு போவார்கள். இதை எந்தக் கடைக்காரர் கிறிஸ்துமஸ் பரிசாக விற்பார்? 1959-ல் கால்ஹமர் தன் கைக்காசைப் போட்டு 500 பெட்டிகள் செய்து தபாலில் விற்றார். அவை விற்றுத் தீர்ந்தன. பிறகு பாஸ்டன் பக்கத்து கேம்ஸ் ரிசர்ச் என்ற சிறு நிறுவனம் எடுத்துக்கொண்டது, 1976-ல் அவலான் ஹில் வாங்கியது. கென்னடிக்குப் பிடித்த ஆட்டம், கிஸ்ஸிஞ்சருக்குப் பிடித்த ஆட்டம் என்ற பேச்சு பெட்டியோடு சேர்ந்தே ஊர் சுற்றியது. கிஸ்ஸிஞ்சருக்கு அது பிடித்திருந்தால் யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள். அவருடைய முனைவர் பட்ட ஆய்வே வியன்னா மாநாட்டு நாயகர்களைப் பற்றியதுதான்.

ஐம்பதுகளின் நடுவில் கலிபோர்னியாவின் சாண்டா மோனிகாவில், ராண்ட் ஆய்வு நிறுவனத்திலும் நாடாளும் ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. 1955 பிப்ரவரியிலிருந்து 1956 ஏப்ரலுக்குள் நான்கு ஆட்டங்கள். ஹெர்பர்ட் கோல்ட்ஹாமர் வகுத்த முறை. நிபுணர்கள் ஒவ்வொரு நாட்டு அரசாங்கமாக உட்கார்ந்துகொண்டு அறிக்கை எழுதினார்கள். பஞ்சமும் தலைவர் மரணமும் வேண்டியிருந்தால், அதைக் கொண்டுவர ‘இயற்கை’ என்றே ஒரு வேடம் வைத்திருந்தார்கள். அங்கே எழுதியவர்கள் சம்பளத்துக்கு எழுதினார்கள். நம் கதைக்கு வேண்டியவர்கள் சொந்தக் காசில் தபால்தலை ஒட்டியவர்கள்.

1963 மே மாதம், நியூயார்க்கின் புரூக்ளினில், ஜான் போர்ட்மேன் என்ற இயற்பியல்காரர் டிப்ளமசியைத் தபாலில் நடத்தத் தொடங்கினார். ஏழு பேரை ஒரே வீட்டில் ஒரு நாள் முழுக்கப் பிடித்துவைப்பது கடினம். ஏழு ஊரில் இருக்கும் ஏழு பேருக்குத் தலா ஒரு கவர் போதும். விஞ்ஞானப் புனைகதை வாசகர் வட்டங்களில் ஏற்கெனவே ஒருவருக்கொருவர் கடிதம் எழுதிப் பழகிய கூட்டம் ஒன்று இருந்தது. ஆட்கள் அங்கிருந்து கிடைத்தார்கள். நகர்வுகளை வெளியிட ஒரு சிறு பத்திரிகை. பெயர் ‘கிரௌஸ்டார்க்’. ஜார்ஜ் பார் மெக்கட்சியன் என்ற அமெரிக்க நாவலாசிரியர் கற்பனை செய்த ஒரு மலைநாட்டின் பெயர் அது. அந்த நாவல் வெளிவந்த ஆண்டும் 1901, ஆட்டம் தொடங்குகிற அதே ஆண்டு.

சதுரங்கத்தைத் தபாலில் ஆடுவது அப்போதே பழைய வழக்கம். ஆனால் சதுரங்கத்துக்குத் தபால் ஓர் அசௌகரியம், அவ்வளவுதான். டிப்ளமசிக்கோ அது தாய்வீடு. சீட்டெழுதி ஒன்றாகப் பிரிக்கும் ஆட்டம், ஆகவே ஒருவரை ஒருவர் பார்க்க வேண்டியதே இல்லை. சமையலறை மூலையில் இரண்டு பேர் குசுகுசுத்தால் மற்ற ஐந்து பேருக்கும் தெரிந்துவிடும். கடிதத்தில் யார் யாருக்கு எழுதினார் என்று தபால்காரரைத் தவிர யாருக்கும் தெரியாது. வேண்டியது ஒரே ஒரு நடுவர். ரைஸ்விட்ஸின் நடுவர் வீட்டுக்குத் திரும்பிவிட்டார், இந்தத் தடவை ராணுவ உடுப்பு இல்லாமல்.

கெடு நாள் சாயங்காலம் அந்த நடுவரின் மேசையை நினைத்துப் பாருங்கள். ஏழு கவர்கள் வந்திருக்க வேண்டும். ஐந்து இருக்கின்றன. ஆறாவது, தபால்பெட்டியில் கடைசி நிமிடத்தில் விழுந்தது. ஏழாவது ஆளிடமிருந்து ஒன்றுமில்லை. காத்திருந்தால் நேரத்துக்கு எழுதியவன் கோபிப்பான், காத்திருக்காவிட்டால் ஒரு பேரரசின் படைகள் மரம்போல் நின்று உதைவாங்கும். விதி ஒன்றுதான், கட்டளை வரவில்லை என்றால் படை அசையாது. இரண்டு தடவை ஆள் மாயமானால் அந்த நாட்டை எடுத்து நடத்தக் காத்திருப்போர் பட்டியலிலிருந்து ஒருவரை அழைப்பார்கள். சுல்தான் மாறுவார், துருக்கி தொடரும். கவர்களைப் பிரித்து, நகர்வுகளைத் தீர்த்து, ஸ்டென்சில் வெட்டி, உருளையைச் சுற்றி, தாளை மடித்து, முகவரி எழுதி அனுப்ப வேண்டும். நம்மூரில் சைக்ளோஸ்டைல் செய்து சிற்றிதழ் நடத்தியவர்களுக்கு அந்த மையின் வாசனை தெரியும். மூன்று வாரத்துக்கு ஒரு நகர்வு என்று வைத்தால், பத்து ஆட்ட ஆண்டுகள் முடிய அறுபது வாரம்.

அறுபது வாரம் ஒருவன் ஆஸ்திரியாவாகவே இருந்தால் என்ன ஆவான்? இங்கேதான் கால்ஹமர் எழுதிவைக்காத ஒன்று நடந்தது. நகர்வுகளோடு சேர்த்து ஆட்டக்காரர்கள் செய்தி எழுதி அனுப்பத் தொடங்கினார்கள். வியன்னாவிலிருந்து அரண்மனை அறிக்கை, கான்ஸ்டான்டிநோபிளிலிருந்து நிருபர் கடிதம், தோற்ற தளபதியின் பிரிவுரை, இல்லாத இளவரசியின் கல்யாண அழைப்பு. நடுவர்கள் அவற்றை நகர்வுப் பட்டியலுக்குக் கீழே அச்சிட்டார்கள். பத்திரிகைச் செய்தி என்பதால் அதற்குப் ‘பிரஸ்’ என்றே பெயர் நிலைத்தது. படத்தில் அதனால் ஒரு பொத்தானும் நகராது. ஆனால் பலர் முதலில் படித்தது அதைத்தான். ஜாராக உட்கார்ந்தவன் ஜாராகவே பேசினான். எதிரியின் பெயரில் போலி அறிக்கை விடுவதும் பல ஆட்டங்களில் செல்லுபடி ஆனது. நடுவரின் பெயரில் மட்டும் கூடாது. பொய்யில் மிதக்கும் ஓர் உலகத்துக்கும் ஒரே ஓர் ஆள் நம்பத்தகுந்தவராக இருந்தாக வேண்டும்.

ஆட்டங்கள் பெருகின. எது எந்த ஆட்டம் என்று குழம்பாமல் இருக்க ஒவ்வொன்றுக்கும் ஆண்டும் ஓர் எழுத்தும் சேர்த்து எண் கொடுத்தார்கள். முதலாவது 1963-ஏ. அந்த எண்களுக்குப் போர்ட்மேன் எண் என்றே பெயர். அரை வேடிக்கையாகத் தொடங்கியது, பிறகு ஆவணக் காப்பகம்போல் ஆயிற்று. அறுபதுகளின் கடைசியில் இந்தத் தபால் கூட்டத்தில் விஸ்கான்சின் மாநிலத்து லேக் ஜெனீவாவிலிருந்து கேரி கைகாக்ஸ் என்றொருவர் மும்முரமாக எழுதிக்கொண்டிருந்தார். 1974-ல் வெளிவந்த ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ ஆட்டத்தை உருவாக்கிய இருவரில் ஒருவர். அவரைப் பின்னால் பார்ப்போம்.

கால்ஹமர் என்ன ஆனார்? இந்த ஆட்டத்தைக் கண்டுபிடித்தவர் என்பதற்காகவே சில்வேனியா நிறுவனத்தின் ஆய்வுக்கூடம் ஒருகாலத்தில் அவருக்கு வேலை கொடுத்தது. அதை விட்டார். நியூயார்க்கில் சுதந்திர தேவி சிலை இருக்கும் தீவில் கொஞ்ச நாள் பூங்காக் காவலராக இருந்தார். பிறகு சொந்த ஊர்ப் பக்கமே திரும்பி, லா கிரேஞ்சை ஒட்டிய லா கிரேஞ்ச் பார்க்கில் தபால்காரரானார். ராயல்டி வந்தது, குடும்பம் நடத்தும் அளவுக்கு வரவில்லை. ஓய்வுபெறும்வரை தெருத்தெருவாகக் கடிதம் கொடுத்தார். 2013 பிப்ரவரியில் இறந்தபோது வயது 81.

அந்த ஆண்டுகளில் அமெரிக்கா முழுக்க ஜார்களும் சுல்தான்களும் கெய்சர்களும் ஒருவரை ஒருவர் ஏமாற்றி எழுதிய கடிதங்கள் யாரோ ஒரு தபால்காரரின் தோள்பையில்தான் போய்க்கொண்டிருந்தன. அதில் ஒரு கவராவது அவர் பையில் ஏறி இறங்கியிருக்குமா என்று நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

தபாலில் வளர்ந்த ஜார் மறுபடி ஓர் அறைக்குள் வந்தது 1969-ல், மினசோட்டாவில். டேவிட் வெஸ்லி என்ற இளைஞர் பிரௌன்ஸ்டைன் என்று ஒரு கற்பனை ஊரை வரைந்தார். படைகள் ஊருக்கு வெளியே நிற்க, ஆட வந்தவர்களில் ஒருவரை மேயர் என்றார், ஒருவரைப் பல்கலைக்கழக வேந்தர் என்றார். ஆட்டம் தொடங்குவதற்குள் ஆளாளுக்கு வேறு வேறு மூலைக்குப் போய்ப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். வெஸ்லி எல்லாம் பாழாகிவிட்டது என்றே நினைத்தார்.

(தொடரும்)